ஆரணி கேட்ட கேள்வியும் நோராவின் நெருப்பும்

குசினிக் கதவைத் திறந்தபோது என் தம்பி நேசன் பால் சட்டிக்கு முன்னால் கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“டேய், பால்!” என்று கத்தினேன்.

“அக்கா, கதவைச் சாத்துங்கோ,” என்றான்.

சாத்தினேன். அடுப்பையும் நானே அணைத்தேன்.

“ஆரணி வந்தவ. இண்டைக்குப் பின்னேரம் நாங்கள் ரெண்டு பேரும் ஓடுவமோ எண்டு கேட்டவ.”

“எங்கை ஓடுறது?”

“ஓடிப்போறது அக்கா. வேற என்ன? முகமெல்லாம் சிவந்து, நிலத்தைப் பாத்துக்கொண்டு கேட்டவ.”

“நீ என்ன சொன்னனி?”

“அதெல்லாம் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவன் தலையில் ஒன்று போட்டிருப்பேன். அது கொதிபாலில் தோய்ந்திருந்ததால் விட்டுவிட்டேன். நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளை. நாற்பதை எட்டிப் பார்க்கிற பெண். யாருக்குப் பயந்து இவர்கள் ஓட வேண்டும்? இரண்டு வீட்டாரும் கேள்விப்பட்டால் மேளகாரருக்கு முற்பணம் கொடுக்க முந்தியடித்துக்கொண்டு ஓடுவார்களே!

போன வாரம் நான் பனியில் வழுக்கி விழுந்த கதையைப் படித்துவிட்டு, “உங்கள் ஜெர்மனியில் வெயிலே அடிப்பதில்லையா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம் கோடைக்குப் போயிருக்கிறேன். நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தப் பால் தீய்ந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

நாங்கள் மூவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தோம். ஸ்டுட்கார்ட்டில் இறங்கி, ஒரு சின்ன ரயில் பிடித்து, பிறகு பஸ்ஸும் பிடித்தால் வருகிற மலையடிவாரக் கிராமம் அது. நான் முதியவர்களைப் பராமரிக்கிறவள். நேசன் சமையல். ஆரணி பிசியோதெரபி செய்கிறவள். வடக்கே கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைப்பேற்று விடுப்பில் போன ஒருத்தியின் இடத்துக்கு, தற்காலிகமாக வந்திருந்தாள்.

போனவள் இனித் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “நீயே நிரந்தரமாக இருக்கிறாயா?” என்று நிர்வாகம் ஆரணியைக் கேட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஞாயிறோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு கெல்சென்கிர்ச்சனுக்கே போய்விடுவாள். அவளும் ஒரு பதிலும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

எதற்காக இழுக்கிறாள் என்று இல்லத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். மத்தியானத்தில் எல்லோருக்கும் அவித்த உருளைக்கிழங்கு. ஆரணியின் தட்டில் மட்டும் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்த உருளைக்கிழங்கு. இதை முதலில் கண்டுபிடித்தவர் இரண்டாம் மாடியில் இருந்த, காது கேட்காத ஒரு கிழவர். “எனக்கும் பிசியோதெரபி உருளைக்கிழங்கு வேணும்!” என்று சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டிக் கேட்டார். நேசன் அன்று முழுக்கக் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

பெயரில் நேசம் இருந்து என்ன செய்ய? வாயில் வரவில்லையே! “கதையடா” என்று நான் சொன்னால், “என்னத்தைக் கதைக்கிறது? வேலை செய்ய வந்த பிள்ளை” என்பான். கதைக்கிற துணிவெல்லாம் தாளிதத்திலேயே தீர்ந்துபோகும். நான் தலையிட்டால் கோபிப்பான். தலையிடாமல் இருக்க எனக்குத் தெரியாது. அந்த வசந்தம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே உரசல்.

நோரா

இனி நோராவைச் சொல்ல வேண்டும். இல்லத்தின் சலவை அறை அவளுடைய ராச்சியம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழையும் ஆடும் கல்லுமாக இருக்கிற ஒரு ஊரில் பிறந்தவள். கார்ல் என்ற விவசாயியைக் கட்டிக்கொண்டு எங்கள் கிராமத்துக்கு வந்தாள். பேசுவது ஜெர்மன்தான். என் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிகிறது, ஆகையால் அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் பிறந்தால் நோராவுக்குக் கால் தரையில் நிற்காது. புனித யோவான் நாளுக்கு முதல் நாள் மாலை அவள் ஊரில் சந்திக்குச் சந்தி நெருப்பு வளர்ப்பார்களாம். எங்கள் கிராமத்திலும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று இருந்து, பிறகு கவனிப்பார் இல்லாமல் நின்றுவிட்டது. அந்த வருடம் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சலவை அறையில் அறிவித்தாள்: “இந்த முறை நான் கொளுத்தப்போறன். ஆர் தடுக்கிறியள் எண்டு பாப்பம்.”

ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்தான் அவளுக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அவள் சொன்ன கதைகளைக் கேட்க நாங்கள் சலவை அறைக்குப் போய், மடிக்கத் தேவையில்லாத துவாய்களையும் மடித்தோம். அவள் ஊரில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நெருப்புக்கு எரிபொருள் கேட்பார்களாம். இல்லையென்று சொல்கிற வீட்டுக்காரரை ஊரே பழிக்கும். வயலில் பிடுங்கிய களையை நெருப்பில் எறிந்தால் அந்த வருடம் களை அண்டாது. புகைக்குள்ளால் மாடுகளை ஓட்டினால் நோய் வராது. எரிந்த கட்டையில் ஒரு துண்டைக் கொண்டுபோய் வயலில் போட்டால் விளைச்சல். எவ்வளவு உயரம் பாய்ந்து நெருப்பைத் தாண்டுகிறோமோ, ஓட்ஸ் அவ்வளவு உயரம் வளரும்.

“என்ர பெரியப்பா ஒருத்தர் குடிச்சுப்போட்டுத் தாண்டினவர். அந்த வருசம் ஓட்ஸ் முழங்காலுக்கு மேல வரேல்லை,” என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, கார்த்திகையில் கோயில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனைதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். ஒரு முழுப் பனங்குற்றியை நட்டு, ஓலை சுற்றி எரிப்போம் என்றதும் நோரா வாயைப் பிளந்தாள். “முழு மரமோ? நாங்கள் உங்களிட்டைப் பிச்சை வாங்கவேணும்!” என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கையை விடாமல்

கடைசியாகத்தான் அந்தக் கதையைச் சொன்னாள். நெருப்பு தணிந்து வருகிறபோது சோடிகள் கைகோத்துத் தாண்டுவார்களாம். கையை விடாமல் தாண்டினால் கல்யாணம். விட்டால், விட்டதுதான்.

“நானும் கார்லும் அப்பிடித்தான் தாண்டினனாங்கள். அவர் ஊர் பாக்க வந்த ஆள். என்னெண்டு தெரியாமல் தாண்டிப்போட்டார்,” என்றாள் நோரா.

ஆரணி அப்போது ஒரு தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை விரித்தாள். மறுபடி மடித்தாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். இந்தக் கதையை அவள் சொன்ன நேரம் நேசன் அங்கே இல்லை. அதை வாசகர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; எனக்குத்தான் அது கவனத்தில் நிற்காமல் போனது.

நெருப்புக்கும் அன்ட்ராக்

ஜெர்மனியில் தும்முவதற்கு மட்டும்தான் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்கத் தேவையில்லை. நெருப்புக்குக் கட்டாயம் தேவை. நோரா கிராம அலுவலகத்துக்குப் போனாள், வந்தாள், திட்டினாள், திரும்பவும் போனாள். கடைசியில் கார்லின் வெட்டிய புல்வெளியில் எரிக்கலாம் என்று அனுமதி வந்தது. பெயின்ட் பூசிய மரம் கூடாது. காற்று அடித்தால் கூடாது. தீயணைப்புக் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். இருட்டுகிறபோது அணைத்துவிட வேண்டும்.

இதற்கு நான் சிரிக்கக்கூடாது. வந்த புதிதில், அகதிகள் விடுதியில், முதல் வெள்ளிக்கிழமையே சாமிப் படத்துக்கு முன்னால் கர்ப்பூரம் கொளுத்தி, புகை மணியை அலற வைத்து, மூன்று மாடிச் சனத்தையும் பனிக்குள் இறக்கி நிறுத்தியவள் நான். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர் என் கையில் இருந்த கர்ப்பூரத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை நன்றி. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இல்லத்து முதியவர்களிடம் நோரா தன் ஊர்ப் பிள்ளைகளைப்போல அறை அறையாகப் போய் விறகு கேட்டாள். உடைந்த கதிரைக் கால் வந்தது. பழைய மரக் கரண்டிகள் வந்தன. காது கேட்காத அந்தக் கிழவர் தன் கைத்தடியையே நீட்டினார். “அப்ப என்னெண்டு நடக்கிறது?” என்று நோரா காதருகில் கத்திக் கேட்டதற்கு, “பிசியோதெரபி எதுக்கு இருக்கு?” என்றார். தடியில் பெயின்ட் இருந்ததால் கார்ல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேசனுக்கும் ஒரு வேலை வந்தது. அந்த மாலையில் நோராவின் ஊரில், பாண் ரொட்டியைச் சுடுபாலில் ஊறவைத்து, சீனியும் வாசனையும் போட்டு நெருப்பருகில் சாப்பிடுவார்களாம். “இதென்ன, காய்ச்சல்காரர் சாப்பாடு!” என்று முகம் சுழித்தவன், ஏலக்காய் தட்டிப் போட்டு, கொஞ்சம் முந்திரிக் கஜுவும் வறுத்துப் போட்டு, அதைக் கல்யாண வீட்டுப் பலகாரமாக்கிவிட்டான். அந்தப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் ஆரணி குசினிக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவனும் ஏலாது என்று சொல்லிவிட்டான்.

முள்ளெலி செய்த உதவி

மாலை நாங்கள் சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு புல்வெளிக்குப் போனோம். வெட்டிய புல்லின் மணம். பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது. அந்த நாட்களில் சூரியனுக்கு வீட்டுக்குப் போக மனமே வராது.

ஆரணி நோராவின் காருக்குப் பக்கத்தில் தனியே நின்றாள். பின் இருக்கையில் அவளுடைய பெட்டி.

“நாளைக்கெல்லோ போறனீர்?” என்று கேட்டேன்.

“இண்டைக்கே போறன் அக்கா. நெருப்பைக் கொளுத்தினதும் நோரா ஸ்டேஷனில விடுறன் எண்டவ. வேலைக்கும் மாட்டன் எண்டு எழுதி வைச்சிட்டன். நாளைக்கு அனுப்புவன்.”

சொல்லிவிட்டு மலையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இவள் போனால் என் தம்பி இன்னும் இருபது வருடம் உருளைக்கிழங்கு தாளித்துக்கொண்டிருப்பான், சாப்பிடத்தான் ஆள் இருக்காது.

கொளுத்துகிற நேரம் வந்தது. கார்ல் விதிப்படி குவியலைப் பிரித்து மறுபடி அடுக்கத் தொடங்கினார். உள்ளே ஏதாவது பிராணி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தது. ஒரு தாய் முள்ளெலியும் குட்டிகளும். “ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம்!” என்று கார்ல் கையை விரித்தார். தாய் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி வேலிக்குக் கொண்டுபோனது. மொத்த ஊரும் மூச்சு விடாமல் நின்றது. அது அவசரப்படவே இல்லை. நெருப்பும் தாமதம், காரும் தாமதம்.

அந்த இடைவெளியில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பிள்ளை, ஒண்டு கேப்பன். கோவிக்கக்கூடாது. ஏன் ஓடவேணும்?”

“ஆர் ஓடுறது?”

“நீரும் நேசனும்தான். உம்மட அப்பா மாட்டன் எண்டு சொல்லுவாரெண்டு பயமோ? நாங்கள் வந்து முறையாக் கேக்கிறம். மண்டபம் எடுத்து, மேளம் பிடிச்சு...”

ஆரணி என்னைப் பார்த்த பார்வையில் நான் நிறுத்திவிட்டேன்.

“அக்கா, நான் ஏன் அவரோட ஓடவேணும்?”

“நீர்தானே கேட்டனீர்!”

“நான் நெருப்புத் தாண்டத்தான் கேட்டனான்! நோரா சொன்னவதானே, கையைப் பிடிச்சுக்கொண்டு...”

“பொறும். என்ன சொல்லிக் கேட்டனீர்? அப்பிடியே சொல்லும்.”

“‘நாங்கள் ரெண்டு பேரும் ஷ்பிரிங்கன் பண்ணுவமோ’ எண்டு.”

நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷ்பிரிங்கன்

வாசகர்களே, இந்த ஒரு சொல்லுக்காக ஒரு நிமிடம் தாருங்கள். ஷ்பிரிங்கன் என்றால் பாய்வது, தாண்டுவது. ஜெர்மனி முழுவதும் அப்படித்தான். எங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பேச்சில் மட்டும் அது ஓடுவது. பஸ் வந்துவிட்டால், “ஷ்பிரிங்!” என்று பின்னால் இருந்து கத்துவார்கள், ஓட வேண்டும். தாண்டுவதற்கு இங்கே வேறு ஒரு சொல் இருக்கிறது. அதை வடக்கே போய்ச் சொன்னால், உடம்பு அரிக்கிறது என்று நினைத்து மருந்துக் கடையைக் காட்டுவார்கள்.

ஆரணி கெல்சென்கிர்ச்சன் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படித்தவள். நானும் நேசனும் இந்தக் கிராமத்துச் சனத்திடம் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். அவள் வெட்கத்தில் நெருப்பு என்ற சொல்லை விழுங்கிவிட்டு, தாண்டுவமோ என்று கேட்டிருக்கிறாள். அவன் காதில் அது ஓடுவமோ என்று விழுந்திருக்கிறது. ஒரு பெண் ஆணிடம் ஓடுவமோ என்று கேட்டால் தமிழனுக்கு வேறு அர்த்தம் உண்டா? இரண்டு தமிழர், நடுவில் இரண்டு ஜெர்மன். என்ன நடக்கும், இதுதான் நடக்கும்!

ஆரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்ப அவர் ஏலாது எண்டு சொன்னது...”

“ஓடத்தான் ஏலாது எண்டவன்.”

“தாண்ட?”

“இதில நில்லும். அசையக்கூடாது!”

கரண்டியோடு ஒரு மாப்பிள்ளை

நெருப்பு பற்றியிருந்தது. காய்ந்த சுள்ளிகள் வெடித்தன. சனம் ஓவென்று கத்தியது. நான் என் தோட்டத்தில் பிடுங்கி வந்த அறுகம்புல்லைப் போகிற போக்கில் அதற்குள் வீசிவிட்டு, பால் சட்டி மேசைக்குப் பறந்தேன். நேசன் வரிசையில் நின்றவர்களுக்குப் பாண் பால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். முகம் செத்த வீட்டு முகம்.

“டேய், அவ ஓடக் கேக்கேல்லை. தாண்டக் கேட்டவ!”

“எதை?”

“நெருப்பையடா!”

“ஏன்?”

நோரா குறுக்கே வந்தாள். ஒரே மூச்சில், கை விடாத கதையைச் சொன்னாள். நேசன் கேட்டுக்கொண்டே நின்றான். காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே,” என்றான் மெதுவாக. பிறகு, “முதல்ல அவவின்ர அப்பாட்டைக் கேக்கவேண்டாமோ?”

“நெருப்பு அதுவரைக்கும் நிக்காது!” என்று கத்தினேன். உண்மைதான். காய்ந்த விறகு மளமளவென்று எரிந்து சுவாலை இறங்கி வந்துகொண்டிருந்தது, சூரியனும் ஒருவழியாக மலைக்குப் பின்னால் போய்விட்டான், கார்ல் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அனுமதித் தாளைப் படித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு என் தம்பி செய்ததை நான் இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். நடக்கவில்லை. ஓடினான். ஏப்ரனும் கரண்டியுமாக, பால் சொட்டச் சொட்ட, புல்வெளியைக் குறுக்கே கடந்து ஆரணிக்கு முன்னால் போய் நின்றான்.

“தாண்டுவம்,” என்றான். மூச்சு வாங்கியது. “நான் வேற மாதிரி விளங்கிட்டன். தாண்டுவம் ஆரணி.”

“கரண்டி?” என்றாள் அவள்.

அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கையில் கரண்டி, மறு கையில் ஆரணி. கிழவர்கள் சக்கர நாற்காலிப் பிடிகளில் தட்டினார்கள். கைத்தடியைத் திரும்பப் பெற்றவர் அதைத் தலைக்கு மேல் சுழற்றினார். “ஏப்ரனைக் கழட்டடா, பத்தப்போகுது!” என்று நான் அலறியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

முதல் தடவை நெருப்பின் விளிம்புவரை ஓடி, இருவரும் ஒன்றாகத் தயங்கி நின்றுவிட்டார்கள். சனம் “ஆ...” என்று சோர்ந்தது. ஆனால் கையை விடவில்லை, அதை நான் பார்த்தேன். பின்னால் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, மறுபடி ஓடினார்கள். பாய்ந்தார்கள்.

அந்தப் பக்கம் விழுந்ததும் ஏப்ரன் நுனியில் ஒரு பொறி. கார்ல் வாழ்நாளெல்லாம் இதற்காகவே காத்திருந்த மனிதர். குழாயைத் திறந்து இருவரையும் தலையோடு குளிப்பாட்டிவிட்டார். புகையும் நீராவியுமாக எழுந்து நின்றார்கள். கை கோத்தபடியே இருந்தது. நான் அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நோரா என்னைக் கட்டிப் பிடித்துத் தன் மொழியில் ஏதோ கத்தினாள். அது எந்த அகராதியில் இருந்தாலும் வாழ்த்தாகத்தான் இருக்கும்.

கெல்சென்கிர்ச்சனுக்கு ஒரு அழைப்பு

ஆரணி காருக்குள் இருந்து போனை எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். ஈர விரலில் அது வேலை செய்யவில்லை. என் சட்டையில் துடைத்தாள். அப்பாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, நான் இரவு வரேல்லை. இஞ்சையே நிக்கப்போறன்.”

“அப்ப அந்த வேலையை எடுத்துப்போட்டியோ?”

ஆரணி பக்கத்தில் நின்ற நேசனைப் பார்த்தாள். அவன் தலைமயிரில் இருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஓம் அப்பா,” என்றாள். “வேலையையும்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“வேலையையும் எண்டால்?”

ஆரணி வாயைத் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது.

“ஆர் பக்கத்தில நிக்கிறது? அவரிட்டைப் போனைக் குடு,” என்றார் அப்பா.

நேசன் கரண்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனை வாங்கினான். முன்பின் பேசிப் பழகாத மனிதர். ஐயா என்று தொடங்குவானா, அங்கிள் என்று தொடங்குவானா, ஒன்றுமே வராமல் நிற்பானா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தொண்டையைச் செருமினான்.

“வணக்கம் மாமா,” என்றான்.